பூமியை அளந்த வில்லியம் லாம்டன்

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் பல ஓடுவதை நம் இளைஞர்கள் அனைவரும் கண்டிருப்பர். கிழக்கு மேற்காக ஓடுபவை அட்சரேகைகள். வடக்கு தெற்காக ஓடுபவை தீர்க்கரேகைகள். தேர்வுக்காக இவ்விரு பெயர்களையும் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் இக்கோடுகளுள் ஒன்று நம் ஊரை ஒட்டியே செல்கிறது என்பதைப் பலர் அறியார். இங்கிலாந்தின் கிரீன்விச் நகரிலிருந்து எண்ணிவரும் 78ஆம் கிழக்குத் தீர்க்கரேகை, இமயத்திலிருந்து இந்தியாவை ஏறத்தாழ நடுவே பிளந்துகொண்டு தெற்கே இறங்கி, திருமங்கலத்துக்கும் கப்பலூருக்கும் இடைப்பட்ட வெளியைக் கடந்து, கடலை நோக்கிப் போகிறது.

அக்கோட்டை எவரும் தரையில் கீறி வைக்கவில்லை. வானத்து விண்மீன்களையும் நிலத்து மலைகளையும் அளந்து அளந்து மனிதர் வகுத்த கோடு அது. அதனை ஒட்டி, குமரிமுனை தொடங்கி வடக்கு நோக்கி இந்திய நிலத்தைப் பிழையற அளக்கும் பெரும்பணியைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரின் வரலாறு எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். அவர் ஏழைக் குடியில் பிறந்து, கட்டணமில்லாக் கல்வியால் மேலெழுந்தவர். அவருடைய கருவிகளையும் சங்கிலிகளையும் தோளில் சுமந்து நடந்தவர்களோ நம் நாட்டு உழைப்பாளிகள். இவ்விரண்டும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் என்பதே எம் கருத்து.

லாம்டன் 1750களில் இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில், நார்த்தலர்ட்டன் என்னும் சிற்றூருக்கு அருகில் பிறந்தார். பெற்றோர் எளியோர். அவ்வூர் இலக்கணப் பள்ளியில் நான்கு மாணவர்கள் மட்டும் கட்டணமின்றிப் படிக்க ஓர் அறக்கட்டளை இருந்தது. அந்த நால்வருள் ஒருவராக இடம் பெற்றார் சிறுவர் லாம்டன். அந்த ஓர் இடம் கிடைத்திராவிட்டால் அவர் ஏர் பிடித்தோ மாடு மேய்த்தோ வாழ்ந்து மறைந்திருப்பார். இந்தியப் படத்தின் வரலாற்றிலும் அவர் பெயர் இராது.

பள்ளிக் கல்விக்குப்பின் அவருக்குக் கணிதம் கற்பித்தவர் நியூகாசில் நகரத்து ஆசிரியரான சார்லஸ் ஹட்டன். இவரைப்பற்றியும் இரண்டு சொல் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. ஹட்டன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். இளமையில் தாமே சுரங்கத்தினுள் இறங்கிக் கரி வெட்டியவர். பின்னர்ப் பள்ளி ஆசிரியராகி, உல்லிச் இராணுவக் கல்லூரியின் கணிதப் பேராசிரியராக உயர்ந்து, ஒரு மலையின் ஈர்ப்பைக் கொண்டு பூமி முழுவதன் அடர்த்தியையும் கணக்கிட்டுக் காட்டினார். சுரங்கத்தில் கரி வெட்டிய கையே நம் நாட்டை அளந்தவருக்குக் கணிதம் கற்பித்தது.

லாம்டன் 1781 அளவில் படையில் சேர்ந்தார். அமெரிக்கர் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அங்கே அனுப்பப்பட்டு, யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தபோது சிறைப்பட்டார். போர் முடிந்தபின் இன்றைய கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் எல்லைகளை அளக்கும் பணியிலும், படைவீடுகளைக் கண்காணிக்கும் பணியிலும் பத்தாண்டுக்கு மேல் கழித்தார். பதவி உயரவில்லை, செல்வமும் சேரவில்லை. அந்தப் பனிக்காட்டில் அவருக்கு மிகுதியாகக் கிடைத்தது ஓய்வு நேரம். அந்நேரத்தையெல்லாம் கணிதமும் வானியலும் கற்பதிலேயே செலவிட்டார். 1790களின் பிற்பகுதியில் தம் படைப்பிரிவுடன் அவர் இந்தியாவுக்கு வந்தபோது வயது நாற்பதைக் கடந்திருந்தது. பிறர் ஓய்வு பெற்று ஊர் திரும்ப எண்ணும் வயதில் அவருடைய வாழ்க்கைப் பணி தொடங்கியது.

1799இல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் லாம்டன் கலந்துகொண்டார். ஒரு நாள் இரவு ஜெனரல் பேர்டு என்பவரின் தலைமையில் ஒரு படை இருளில் நடந்துகொண்டிருந்தது. விண்மீன்களை நோக்கிய லாம்டன், தம் படை தெற்கே செல்வதற்கு மாறாக வடக்கே, எதிரியின் முகாமை நோக்கியே செல்கிறது என்று எச்சரித்தார். தளபதி முதலில் நம்பவில்லை. பின்னர் வெளிச்சம் கொண்டுவந்து திசைகாட்டியைப் பார்த்தபோது விண்மீன்கள் காட்டியதே சரியாக இருந்தது. அப்போர் நம் நாட்டு மன்னர் ஒருவரின் அரசை அழித்த போர் என்பதை நாம் மறக்கவில்லை. லாம்டன் அந்த ஆட்சியின் ஊழியரே. அவர் அளந்த நிலம் வரி விதிப்பதற்கும் படை நடத்துவதற்கும் பயன்பட்டது. இதனை மறைத்து அவரை வெறும் அறிவியல் துறவியாகக் காட்டுவது வரலாறு ஆகாது.

மைசூர் வீழ்ந்தவுடன், தென்னிந்தியாவை ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை முக்கோணங்களால் அளக்கலாம் என்னும் திட்டத்தை அவர் அரசின்முன் வைத்தார். சென்னை ஆளுநராக இருந்த எட்வர்டு கிளைவ் ஒப்புதல் அளித்தார். கருவிகளுக்குத்தான் பஞ்சம். அளவைச் சங்கிலி ஒன்று கிடைத்தது. அது சீனப் பேரரசருக்குப் பரிசாக அனுப்பப்பட்டுத் திரும்பிவந்த பொருள்களுள் ஒன்று. நூறடி நீளமும் இரண்டரை அடி கொண்ட நாற்பது கண்ணிகளும் உடைய எஃகுச் சங்கிலி அது. கோணங்களை அளக்கும் தியோடலைட் என்னும் கருவி இலண்டனில் வில்லியம் கேரி என்னும் வினைஞரால் செய்யப்பட்டது. அதன் வட்டத் தட்டின் விட்டம் மட்டும் மூன்று அடி. மொத்த எடை அரை டன். அதனைக் கொண்டுவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் வழியில் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுபோயினர். பகைவர் கையில் சிக்கிய கருவியைப் பிரெஞ்சு ஆளுநர் பெருந்தன்மையுடன் சென்னைக்கே அனுப்பி வைத்தார். போர்க்களத்தில் காணாத பண்பை அறிவுத் துறையில் அவர்கள் காத்தனர்.

1802 ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலைக்கு அருகிலுள்ள சமவெளியில் அளவை தொடங்கியது. முதலில் வேண்டியது ஓர் அடிக்கோடு. ஏறத்தாழ 40,000 அடி, அதாவது ஏழரை மைல் நீளமுள்ள நேர்கோட்டைச் சங்கிலியால் அளக்க வேண்டும். நூறடிச் சங்கிலியை நானூறு முறை வைத்து எடுக்க வேண்டும். ஏழரை மைலை ஒரு காலைப் பொழுதில் நடந்துவிடலாம். லாம்டன் குழுவுக்கோ அதனை அளக்க 57 நாள்கள் ஆயின. ஏன் இத்தனை நாள்? வெயில் ஏறினால் எஃகு நீளும். வெப்பம் பத்து டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் நூறடிச் சங்கிலி ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீண்டுவிடும். இது அற்பம் என்று தோன்றும். நானூறு முறை சேர்ந்தால் நாலரை அடிப் பிழை ஆகிவிடும். சித்திரை வெயிலில் சென்னையில் காலைக்கும் நண்பகலுக்கும் எவ்வளவு வேறுபாடு என்பது நமக்குத் தெரியும். ஆகவே சங்கிலியைத் தரையில் போடாமல், முக்காலிகள்மேல் தாங்கிய மரப் பெட்டிகளுள் கிடத்தி, நிழல் செய்து, வெப்பமானி வைத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் கணக்கில் திருத்தம் செய்தனர். பொறுமை என்னும் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் நாம் கண்டதில்லை.

அடிக்கோடு ஒன்று பிழையின்றிக் கிடைத்துவிட்டால் அதன்பிறகு சங்கிலிக்கு வேலை மிகக் குறைவு. எவ்வாறு என்பதை நம் பக்கத்திலேயே பார்க்கலாம். கப்பலூரில் ஒரு புள்ளியும் திருப்பரங்குன்றத்தின் உச்சியில் ஒரு புள்ளியும் எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு நமக்குத் தெரியும் எனக் கொள்வோம். கப்பலூரில் நின்று, குன்றத்துக்கும் நாகமலை முகடு ஒன்றுக்கும் இடையே உள்ள கோணத்தை அளக்கிறோம். பிறகு குன்றத்தின் உச்சியில் நின்று, கப்பலூருக்கும் அதே முகட்டுக்கும் இடையே உள்ள கோணத்தை அளக்கிறோம். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முழுவதும் தெரிந்துவிடும் என்பது நாம் பள்ளியில் படித்த கணிதமே. நாகமலைக்கு நடந்து போகாமலே அதன் தொலைவு கிடைத்துவிடுகிறது. கிடைத்த அந்தப் பக்கத்தை அடுத்த முக்கோணத்தின் அடிக்கோடாகக் கொள்ளலாம். இவ்வாறு குன்றிலிருந்து குன்றுக்குத் தாவித் தாவி நாடு முழுவதையும் அளந்துவிடலாம். ஐயம் தீர, நூறு நூற்றைம்பது மைலுக்கு அப்பால் மீண்டும் ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து கணக்குடன் ஒப்பிடுவர். பெங்களூரில் லாம்டன் அவ்வாறு ஒப்பிட்டபோது, ஏழு மைல் நீளத்தில் வந்த வேறுபாடு சில அங்குலமே.

இம்முறையில் சென்னையிலிருந்து மங்களூர் வரை அளந்து முடித்தபோது ஒரு வியப்பான உண்மை வெளிப்பட்டது. அதுவரை இருந்த படங்களின்படி தீபகற்பத்தின் அகலம் அங்கே 400 மைல். லாம்டனின் கணக்குப்படி 360 மைல்தான். நாற்பது மைல் அகல நிலம் படத்திலிருந்து மறைந்தது. அதனால் எந்த உழவனும் ஒரு குழி நிலத்தையும் இழக்கவில்லை. இல்லாத நிலத்தைப் படம் வரைந்தவர்கள் இருப்பதாக எழுதி வைத்திருந்தனர், அவ்வளவே.

ஆயினும் பணம் கொடுப்போருக்கு இவ்வேலை வீண் செலவாகவே தோன்றியது. சென்னை அரசின் நிதிக் குழுவில் இருந்த ஒருவர், சீரங்கப்பட்டணத்துக்குப் போக விரும்பும் எவரும் தம் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், அவன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான், இதற்கு அளவை எதற்கு என்னும் கருத்தில் வாதாடியதாக வரலாறு கூறுகிறது. இதனைப் படிக்கும்போது நமக்கு இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. ஒன்று, அளவையின் அருமை அந்தக் கனவானுக்குத் தெரியவில்லை. மற்றொன்று, நாட்டின் வழியெல்லாம் அறிந்தவன் பல்லக்குச் சுமப்பவனே என்பதை அவர் தம்மை அறியாமல் ஒப்புக்கொண்டுவிட்டார். அவன் அறிவு காலில் இருந்தது, ஏட்டில் ஏறவில்லை.

ஒரு செய்தியை இங்கே விளக்கிவிட வேண்டும். முக்கோணங்கள் தொலைவையும் திசையையும் மட்டுமே தரும். அவற்றால் கிடைத்த படத்தை உலக உருண்டையின்மேல் எந்த இடத்தில் ஒட்டுவது? அதற்குத்தான் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தேவைப்படுகின்றன.

அட்சரேகையை அறிவது எளிது. பூமத்திய ரேகையில் நிற்பவனுக்கு வானத்தின் வடதுருவம் அடிவானத்தில் படிந்திருக்கும். வடக்கே ஒரு பாகை சென்றால் அதுவும் ஒரு பாகை உயரும். கப்பலூர் ஏறத்தாழ 9 பாகை 50 கலை வடக்கில் உள்ளது. ஆகவே இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் பத்துப் பாகைக்குள்தான் தெரியும். கையை முழுதும் நீட்டி, மடக்கிய முட்டியை அடிவானத்தின்மேல் வைத்தால், முட்டியின் அகலம் ஏறத்தாழ பத்துப் பாகை. அதன் மேல்விளிம்பை ஒட்டி மங்கலாக நிற்கும் விண்மீனே துருவ நட்சத்திரம். இமயமலை அடிவாரத்து டேராடூனில் அதே விண்மீன் மூன்று முட்டி உயரத்தில் நிற்கும். பகலிலும் சோதிக்கலாம். சித்திரை பிறந்த ஓரிரு நாளிலும், ஆவணி பத்துத் தேதியை ஒட்டியும், நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த கம்புக்கு அப்போது நிழல் விழாது. நிழல் மறையும் நாள் ஊருக்கு ஊர் மாறுவது அட்சரேகையால்தான்.

தீர்க்கரேகைதான் உலக அறிஞர்களைப் பல நூற்றாண்டுகள் அலைக்கழித்தது. பூமி இடைவிடாமல் சுழல்வதால், கிழக்கு மேற்காக நின்று அடையாளம் காட்டும் விண்மீன் எதுவும் இல்லை. நேரம் ஒன்றே அதற்கு அளவுகோல். பூமி ஒரு மணியில் 15 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். இந்தியாவின் பொது நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் 78இல் இருக்கிறோம். வேறுபாடு நாலரைப் பாகை, அதாவது 18 நிமிடம். கடிகாரம் பன்னிரண்டு அடித்துச் சராசரியாகப் பதினெட்டு நிமிடம் சென்ற பின்னரே கப்பலூரில் உண்மையான நண்பகல். அந்தப் பதினெட்டு நிமிடமே நம் தீர்க்கரேகை. பொது நேரக் கோட்டுக்கும் நமக்கும் உள்ள தொலைவை நிமிடமாகக் காட்டும் கணக்கு அது.

ஓரிடத்து நேரத்தை வேறோர் இடத்தில் இருந்துகொண்டு அறிவது எப்படி? கடலில் அதற்குப் பிழையாத கடிகாரத்தைச் செய்து தந்தவர் ஜான் ஹாரிசன் என்னும் தச்சர் மகன். நிலத்திலோ வியாழன் கோளின் துணைக்கோள்கள் மறைவதையும் தோன்றுவதையும் நோக்கி நேரத்தை ஒப்பிட்டனர். 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த சென்னை வானோக்கு நிலையம் இவ்வாறு தன் தீர்க்கரேகையைக் கணித்தது. அந்த ஓரிடத்தை முளையாகக் கொண்டே லாம்டனின் முக்கோணங்கள் மற்ற ஊர்களின் தீர்க்கரேகையைக் கொண்டுசென்றன. பின்னாளில் தந்திக் கம்பி வந்து நேரத்தை நொடியில் ஒப்பிட முடிந்தபோது, அளவைத் துறை கைக்கொண்டிருந்த சென்னையின் தீர்க்கரேகையில் ஏறத்தாழ இரண்டரைக் கலை பிழை இருந்தது தெரியவந்தது. அது நாலரைக் கிலோமீட்டருக்குச் சமம். சென்னை நகர்ந்தபோது அதனுடன் கட்டுண்ட இந்தியப் படம் முழுவதுமே நாலரைக் கிலோமீட்டர் மேற்கே நகர்ந்தது. முக்கோணங்களில் பிழை இல்லை. முளை மட்டுமே சற்றுத் தள்ளி அடிக்கப்பட்டிருந்தது.

வானியல் மேனாட்டாருக்கே உரியது என்று எவரும் எண்ண வேண்டா. லாம்டனின் உதவியாளராக இருந்த வாரன் என்பவர், 1825இல் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கண்டார். அக்கணிதர் ஏடும் எழுத்தாணியும் இன்றி, தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் நான்கு நிமிடமே பிசகியது. முடிவு நேரம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாகப் பிசகியது உண்மை. என்றாலும் சோழிகளைக் கொண்டு அவ்வளவு நெருங்கியது சிறிய செயல் அன்று. ஆனால் அந்த வாய்பாடு யாருக்குக் கற்பிக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதும் நாம் கேட்க வேண்டிய கேள்வியே.

கடற்கரையிலிருந்து கடற்கரைக்கு அளந்து முடித்த லாம்டன், அடுத்துத் தெற்கு வடக்காகத் திரும்பினார். 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டிச் செல்லும் இம்முக்கோணத் தொடரே பெருவில் எனப் புகழ்பெற்றது. அவருடைய நோக்கம் இந்தியப் படம் மட்டும் அன்று. பூமியின் வடிவத்தையே அறிய விரும்பினார். பூமி முழு உருண்டை அன்று, துருவங்களில் சற்றுத் தட்டையானது என்று நியூட்டன் கணித்திருந்தார். அவ்வாறாயின் ஒரு பாகை அட்சரேகையின் நீளம் எங்கும் ஒன்றாக இராது. பூமத்திய ரேகையருகே குறைந்தும் துருவத்தருகே மிகுந்தும் இருக்கும். இன்றைய கணக்கில் நம் பக்கத்தில் அது சுமார் 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7. இந்த ஒரு கிலோமீட்டர் வேறுபாட்டைப் பிடிப்பதற்காகவே அவர் காடுமலைகளில் இருபதாண்டு அலைந்தார்.

பெங்களூரிலிருந்து தெற்கே இறங்கியபோது நேர்ந்த இடையூறுகள் பல. மலைநாட்டில் குன்றுகள் கிடைத்தன. காவிரிச் சமவெளியில் தென்னையும் நெல்லும் தவிர வேறொன்றும் இல்லை. உயரமான இடம் வேண்டிக் கோயில்களை நாடினர். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றியபோது, ஒரு கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. கோணங்களை அளக்கும் வட்டத் தட்டு நெளிந்துபோனது. மற்றொரு கருவியை இலண்டனிலிருந்து வரவழைக்க வேண்டுமாயின் பணி ஆண்டுக்கணக்கில் நின்றுவிடும். லாம்டன் எவர்மீதும் குற்றம் சுமத்திக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. திருச்சிப் படைக்கலச் சாலையிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து, ஒரு கூடாரத்தில் புகுந்து, ஆறு வாரம் வெளியே தலைகாட்டாமல் உழைத்தார். ஆப்பும் திருகாணியும் கப்பியும் கொண்டு நெளிந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்துப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். அதே கருவி அதன்பின்னும் பல ஆண்டுகள் நாட்டை அளந்தது.

அந்தக் கயிற்றை இழுத்தவர்கள் யார் என்று எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. ஆனால் அக்காலத்தில் அக்கோயில் வாயிலுக்குள் நம் மக்கள் கால்வைக்க இயலாது என்பதை நாம் அறிவோம். பித்தளைக் கருவி ஒன்று விமானத்தின்மேல் ஏறிய அந்த ஆண்டிலிருந்து, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கக்கன் முதலானோர் நுழைந்த 1939 சூலை 8 வரை, நூற்று முப்பத்தோராண்டுகள் கழிந்தன.

1809 அளவில் பாளையங்கோட்டையில் மீண்டும் ஓர் அடிக்கோட்டை அளந்து, குமரிமுனைக்கு அருகிலுள்ள புன்னை என்னும் இடத்தில் விண்மீன்களை நோக்கித் தென்முனையின் அட்சரேகையை முடிவு செய்தனர். அது 8 பாகை 9 கலை. அங்கிருந்துதான் பெருவில்லின் கணக்கு வடக்கே எண்ணப்படுகிறது.

மழை ஓய்ந்த நாள்களில் தூசி படிந்து தொலைவு தெளிவாகத் தெரியும். மலைக்கு மலை கொடி தென்படும். அதே நாள்களில்தான் காட்டுக் காய்ச்சலும் பரவும். கருவியைக் குன்றின் உச்சிக்குச் சுமந்தவர்கள், பார்வைக்குத் தடையான மரங்களை வெட்டியவர்கள், தொலைமலையில் நாள்கணக்காகக் கொடி பிடித்து நின்றவர்கள் ஆகியோருள் காய்ச்சலால் மாண்டவர் பலர். அதிகாரிகளின் பெயர்கள் நூல்களில் உள்ளன. இவர்களுடைய பெயர்கள் இல்லை. நம் பக்கத்துக் கிராமங்களிலும் பின்னர் வருவாய்த் துறை அளவைக்கு வந்தபோது சங்கிலி பிடித்தவர்கள் ஊர்ப் பணியாளர்களே. எல்லைக்கல் எங்குள்ளது என்பதைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்து, வழக்கு வந்தபோது காட்டிக்கொடுத்தவர்கள் நம் குடியில் பிறந்த வெட்டியான்மார். ஊரார் நிலத்தின் எல்லையெல்லாம் அறிந்திருந்த அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் இந்நிலையை விரித்து எழுதிய பின்னரே, 1892இல் பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. அந்நிலங்களும் எத்தனை கை மாறின என்பதை நம் பெரியோர் அறிவர். இன்று அவற்றை மீட்க முயல்வோர் முதலில் கேட்பது சர்வே எண்ணையும் புலப்படத்தையுமே. படம் படிக்கத் தெரிந்தவன் கையில்தான் அந்தத் தாள் ஆயுதமாகிறது.

லாம்டனின் வலக்கையாக இருந்தவர்களைப்பற்றியும் சொல்ல வேண்டும். சென்னைக் கோட்டையில் 1794இல் எட்டுச் சிறுவர்களுடன் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. அச்சிறுவர்கள் அநாதை விடுதியில் வளர்ந்தவர்கள்; ஆங்கிலச் சிப்பாய்களுக்கு இந்தியத் தாய்மாரிடம் பிறந்து, இரு சமூகத்தாராலும் ஒதுக்கப்பட்டவர்கள். அவ்வாறு பள்ளியில் பயின்று லாம்டனிடம் சேர்ந்த ஜோசுவா டி பென்னிங் போன்றோர், ஐரோப்பிய அதிகாரிகளும் வியக்கும் அளவைத் திறனைப் பெற்றனர். எண்மருடன் தொடங்கிய அப்பள்ளியே வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியாயிற்று. நம் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே படித்துப் பொறியாளராக வெளிவரும் காலத்தில் நாம் வாழ்கிறோம்.

லாம்டன் அதிகம் பேசாதவர், எளிய பழக்கங்கள் உடையவர். இந்தியாவுக்கு வந்தபின் அவர் பிறந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. பிரெஞ்சு நாட்டு அறிஞர் அவை அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1817இல் இலண்டன் ராயல் சங்கமும் ஏற்றது. சொந்த நாட்டாரினும் முன்னதாகப் பகை நாட்டாரே அவர் அருமையை அறிந்தனர் போலும். 1818 சனவரி முதல் நாள் அவருடைய பணி இந்தியப் பெரும் முக்கோண அளவை என்னும் பெயருடன் தலைமை அரசின் பொறுப்பில் வந்தது. அவருக்கு உதவியாளராக ஜார்ஜ் எவரெஸ்ட் என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். அதற்குள் தென்னகத்தில் 1,65,000 சதுர மைலுக்கு மேல் அளக்கப்பட்டிருந்தது. புன்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ பத்துப் பாகை நீளத்துக்கு வில் வளர்ந்திருந்தது.

எழுபது வயதை நெருங்கிய நிலையில், காசநோய் உடலை அரித்துக்கொண்டிருந்தபோதும், அலுவலகத்தை நாகபுரிக்கு மாற்ற எண்ணி ஐதராபாத்திலிருந்து அவர் புறப்பட்டார். வழியில், இன்றைய மகாராட்டிரத்தைச் சேர்ந்த ஹிங்கன்காட் என்னும் ஊரில், 1823 சனவரி 20ஆம் நாள் உயிர் நீத்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து எவரெஸ்ட் வில்லை இமயத்து அடிவாரம் வரை நீட்டி, 1840களின் தொடக்கத்தில் முடித்தார். அந்த அளவையின் தொடர்ச்சியாகவே, வங்காளத்துக் கணித வல்லுநர் இராதாநாத் சிக்தாரின் கணக்குகளால் உலகின் மிக உயர்ந்த சிகரம் அறியப்பட்டது. 1865இல் அதற்கு எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. லாம்டன் பெயரால் அத்தகைய புகழ்பெற்ற சிகரம் எதுவும் இல்லை. ஹிங்கன்காட்டில் அவர் அடக்கமாகியுள்ள இடம், நம் ஊரை ஒட்டிச் செல்லும் 78ஆம் தீர்க்கரேகைக்குச் சற்றுக் கிழக்கே, ஒரு பாகைக்கும் குறைந்த தொலைவில் உள்ளது.